அவஸ்தை முடிஞ்சிருச்சு

புதிதாகக் குருப்பட்டம் பெற்றிருக்கும் தம்பிகளுக்கு,

உங்கள் கூட்டத்துக்கு நேரில் வந்து பேசும்படிதான் கேட்டார்கள். மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உங்கள் கூட்டமோ மாடியில். அதனால் எழுதி அனுப்புகிறேன். உங்களில் ஒருவர் வாசியுங்கள். தயவுசெய்து பிரசங்கக் குரலில் இழுக்க வேண்டாம். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு என் காது மரத்துப்போய்விட்டது. அதில் பாதி என்னுடைய குரல்தான்.

பங்குப் பணியில் நான் கற்றதை எல்லாம் எழுதச் சொன்னார்கள். கற்றதில் பெரும்பகுதி உங்களுக்கு உதவாது. கோயில் கூரை ஒழுகினால் யாரைப் பிடிப்பது, பாடகர் குழுவில் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் எந்தப் பக்கமும் சாயாமல் எப்படி நிற்பது, இதெல்லாம் நீங்களே அடிபட்டுத் தெரிந்துகொள்வீர்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு சங்கதி. அதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் உங்களிடம் ஒரு உதவி கேட்கப்போகிறேன். இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு ஏமாற்றிவிட்டதாக நினைக்கக் கூடாது.

உங்கள் பையில் இப்போது ஒரு சின்ன எண்ணெய்ச் சிமிழ் இருக்கும். புதிதாகப் பட்டம் வாங்கியவர்கள் அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள், நானும் பார்த்துக்கொண்டேன். நோயாளிக்கு எப்படிப் பூசுவது என்று குருமடத்தில் சொல்லித் தந்திருப்பார்கள். வரலாறும் சொல்லியிருப்பார்கள். ஆதித் திருச்சபையில் நோயாளி எழுந்து நடக்கட்டும் என்றுதான் மூப்பர்களைக் கூப்பிட்டு எண்ணெய் பூசினார்கள். யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதியிருப்பதும் அதைத்தான். காலம் போகப் போக அந்த எண்ணெய் நோயாளியின் கட்டிலை விட்டு நகர்ந்து சாவின் வாசலில் போய் நின்றுகொண்டது. கடைசிப் பூசுதல் என்று ஆனது. நம் பக்கத்தில் அதற்கு அவஸ்தை என்று பெயர் விழுந்தது. பின்னால் ரோமில் திருச்சபையின் பொதுச்சங்கம் கூடி, இது சாகிறவனுக்கு மட்டும் உரியதல்ல, நோயாளிக்கு உரியது என்று பழைய இடத்துக்கே கொண்டுவந்தது. நாமும் நோயில்பூசுதல் என்று பெயரை மாற்றினோம். சனங்கள் மாற்றவில்லை. அவர்களுக்கு இன்றைக்கும் அது அவஸ்தைதான். சாமியார் சிமிழோடு வந்தால் ஆள் போகப்போகிறார் என்று அர்த்தம்.

ஒத்தக்கடையில் நான் இருந்தபோது ஒரு புதுக் குடியிருப்பிலிருந்து ஒரு மகன் போன் செய்தார். அப்பாவுக்கு முடியவில்லை, ஆனால் எண்ணெய் விஷயத்தைச் சொன்னால் பயத்திலேயே போய்விடுவார், அதனால் சும்மா பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டு அவர் கண்ணயரும்போது பூசிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நானும் அங்கியை விட்டுவிட்டு சட்டையும் பேண்ட்டுமாகப் போனேன். மகன் காபி எடுக்க உள்ளே போனதும் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எண்ணெ கொண்டாந்திருக்கீங்களா பாதர்? சட்டுனு பூசிவிட்ருங்க. பையனுக்குத் தெரிய வேணாம், பயந்துக்கிருவான்" என்றார். காபி வருவதற்குள் பூசி முடித்தோம். அப்பாவும் மகனும் ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்த அந்த எண்ணெய் வாசனை அறை முழுக்க இருந்தது. மூவருமாக உட்கார்ந்து கிரிக்கெட் பேசினோம்.

இதைச் சொல்லி நான் பல தடவை கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இனி சொல்லப்போவதை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

அப்போது நான் பேரையூர்ப் பக்கம் ஒரு பங்கில் இருந்தேன். பங்குக்கு உட்பட்ட கிளைக்கிராமம் ஒன்று. மக்காச்சோளக் காடு, கருவேலம், நடுவில் நம் ஆட்கள் கொஞ்சம் வீடுகள், ஒரு சின்னக் கோயில். அந்த ஊரில் அருளப்பன் என்ற விவசாயி. என்னைவிட மூத்தவர், அதனால் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மனைவி மதலேனம்மா. மகன் ஜான். மருமகள் ரெஜினா, நிறைமாதம். அருளப்பன் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். ஜான் எனக்குப் போன் செய்தான்.

நான் போய்ச் சேரும்போது உச்சி வெயில். வாசலில் வாடகை நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. அடுக்கு பிரிக்காமல் வைத்திருந்தார்கள், அது மட்டும்தான் மரியாதை. உள்ளே அருளப்பன் கண் மூடிக் கிடந்தார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. மதலேனம்மா விசிறிக்கொண்டிருந்தார். ரெஜினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினேன். செபம் சொன்னோம். சிமிழைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஊர் உபதேசியார், கோயிலைத் திறந்து மூடி, செபம் நடத்தி, மணி அடித்து வந்த நல்ல மனிதர். எண்ணெய் பூசி முடிந்ததும் தகவல் சொன்னால் செபமாலை சொல்ல வருவதாக ஜானிடம் சொல்லி வைத்திருந்தார். ஜான் வாசலுக்குப் போய் அவருக்குப் போன் போட்டான். அழுதுகொண்டே அவன் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"அவஸ்தை முடிஞ்சிருச்சுண்ணே."

அவ்வளவுதான் சொன்னான். எண்ணெய் பூசியாயிற்று என்று அவன் சொன்னான். அப்பா பட்ட பாடெல்லாம் தீர்ந்தது, போய்விட்டார் என்று உபதேசியார் கேட்டுக்கொண்டார். ஒரே வார்த்தை. நாம் வைத்த வார்த்தை.

சற்று நேரத்தில் மணி கேட்டது. மதியச் செபத்துக்கு அடிக்கிற மணி உங்களுக்குத் தெரியும், அது துள்ளி வரும். இது ஒற்றை மணி. ஒன்று அடித்து, அதன் ஓசை காட்டுக்குள் போய் முற்றாக அடங்கிய பிறகு அடுத்தது. துக்க மணி. மதலேனம்மாவின் கையில் விசிறி நின்றுவிட்டது. நான் என்ன ஏது என்று எழுவதற்குள் அருளப்பன் கண்ணைத் திறந்தார். எத்தனையோ நாளாகத் திறக்காத கண். கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"மணி யாருக்கு?"

யாரும் பதில் சொல்லவில்லை. நான் உட்பட.  அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்து முடித்து, சரி என்பது போலத் தலையை அசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குள் தெருவில் ஒப்பாரியோடு பெண்கள் வந்துவிட்டார்கள். நான் வாசலுக்குப் போய், ஆள் உயிரோடு இருக்கிறார், மணி தவறிப் போய் அடித்தது என்று சொன்னேன். இதை ஒரு வேடிக்கையாக மாற்றிவிடலாம் என்று நினைத்து, அருளப்பனுக்கு இனி ஆயுசு கெட்டி என்று சிரித்துக்கூடப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. உபதேசியார் ஓடி வந்து விஷயம் தெரிந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர், "சரி சாமி. ஆனா மணி அடிச்சாச்சே" என்றார். கோபமாக இல்லை, மழை வந்தாச்சே என்கிற மாதிரி. கூட்டம் கலைந்தது. கலைந்தவர்களில் பல பெண்கள் போகும்போது ரெஜினாவின் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அருளப்பனுக்கு மூச்சிரைப்பு தணிந்தது. அடுத்த நாள் எழுந்து உட்கார்ந்தார். ஜான் போனில் சொன்னதும் நான் கோயிலில் போய் முழந்தாள்படியிட்டேன். யாக்கோபு எழுதியது எழுதியபடியே நடந்த சந்தோஷம் எனக்கு. எண்ணெய் தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குக் குறிப்புகூட எடுத்துவிட்டேன்.

பிறகு ஜான் மறுபடி போன் செய்தான். "பாதர், அப்பா சாப்பிட மாட்டேங்கிறாரு. தண்ணிகூட இறங்க மாட்டேங்குது. நீங்க வந்தா நல்லாருக்கும்" என்றான். டாக்டரிடம் கூட்டிப்போ என்றேன். வர மறுக்கிறார், இப்படியே விட்டால் தாங்க மாட்டார் என்றான்.

போனேன். ஊர் எல்லையில் மின்கம்பத்தில் ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. அருளப்பன் படம், நல்ல சட்டை போட்டு, எங்கோ கல்யாணத்தில் எடுத்தது. மணி கேட்ட அன்றைக்கே ஜானுடைய சேக்காளிகள் பேரையூரில் அடித்துக்கொண்டு வந்தது. ஆள் பிழைத்த பிறகும் அதை யாரும் அவிழ்க்கவில்லை. வீட்டு வாசலில் நாற்காலிகள் இன்னும் போகவில்லை. அடுக்கைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டி ஒன்று வராந்தாவில் துணி போர்த்திக் கிடந்தது. ஏன் திருப்பி அனுப்பவில்லை என்று ஒரு பையனிடம் கேட்டேன். "எப்படியும் வேணும்ல பாதர்" என்றான்.

ஊரில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு வழி விட்டார்கள், தோத்திரம் சொன்னார்கள். ஆனால் எல்லாரும் குரலைத் தணித்துப் பேசினார்கள். பிள்ளைகளைத் தெருவில் விடாமல் மடியில் இருத்தி வைத்திருந்தார்கள். எல்லாரும் எதற்கோ காத்திருந்தார்கள்.

உள்ளே போனேன். அடுக்களை சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது. சாவு வீட்டில் எடுக்கும்வரை உலை வைக்க மாட்டார்கள் இல்லையா, மணி அடித்த மதியத்திலிருந்து அந்த வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வருகிற சோற்றைத்தான் மற்றவர்கள் சாப்பிட்டார்கள். இழவு இல்லை என்று யாரும் மதலேனம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்வதற்கு நம்மிடம் ஒரு சடங்கும் இல்லை.

அருளப்பன் முகம் மழித்து, வெள்ளை வேட்டி கட்டி, கையில் செபமாலையோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. புத்தி பேதலித்துவிட்டது, தான் செத்துவிட்டதாக நினைக்கிறார் என்று எண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவர் என்னைவிடத் தெளிவாக இருந்தார்.

"உக்காருங்க சாமி. வருவீங்கன்னு தெரியும்."

"சாப்பிட மாட்டேங்கிறீங்களாமே அண்ணே. பசி இல்லையா?"

"பசிக்குது சாமி. வயிறு காந்துது."

"அப்புறம் என்ன?"

அவர் பக்கத்து அறையைக் கண்ணால் காட்டினார். ரெஜினா அங்கே படுத்திருந்தாள். குரலை இறக்கிக்கொண்டு சொன்னார். அந்த ஊரில் துக்க மணி சும்மா அடித்து ஓய்ந்ததில்லையாம். அவர் வாலிபத்தில் இப்படித்தான் ஒரு தடவை ஆள் தெரியாமல் அடித்தார்களாம். யாருக்கு அடித்தார்களோ அவர் பிழைத்துக்கொண்டார். அந்த வாரமே ஒரு பச்சைப் பிள்ளை போய்விட்டது. மணி வெறுங்கையோடு திரும்பாது என்பது அந்த ஊரின் முடிவு. இதைப் பிறகு நான் விசாரித்துப் பார்த்தேன். ஒருவர் பிள்ளை கிணற்றில் விழுந்தது என்றார், ஒருவர் பாம்பு என்றார், ஒருவர் காய்ச்சல் என்றார். பிள்ளை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"எனக்குன்னு அடிச்சத நான் வாங்கிக்கிட்டேன்னா, உள்ள இருக்க ரெண்டு உசுரும் தப்பிச்சுக்கிரும் சாமி. அது பெத்துப் பிழைக்கிறதுக்குள்ள நான் கெளம்பிறணும்" என்றார்.

நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். மணி என்பது வெண்கலம். உயிர் கடவுள் கையில் இருக்கிறது. உண்ணாமல் உயிரை விடுவது பாவம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்.

"ஒருத்தரு எல்லாருக்காகவும் போனாருன்னு வருசா வருசம் பெரிய வெள்ளிக்கி நீங்கதான சாமி சொல்றீங்க."

"சொல்றேன். ஒரே தடவ போனாரு, அதோட போதும், இன்னொருத்தர் போக வேண்டியதில்லன்னும் சொல்றேன்ல?"

"போதும்னா, அன்னைக்கு மணி யாருக்குன்னு கேட்டேனே, ஏன் சாமி எல்லாரும் என்னைய அப்படிப் பாத்தீங்க? நீங்களுந்தான் பாத்தீங்க."

தம்பிகளே, குருமடத்தில் நான் நன்றாகப் படித்தவன். மீட்பைப் பற்றி எந்தத் தேர்விலும் குறைந்த மதிப்பெண் வாங்கியதில்லை. இந்தக் கேள்வி அங்கே வந்ததில்லை. நம் விசுவாசத்தின் மையத்தையே கத்தி மாதிரிக் கையில் எடுத்து அந்த மனிதர் தன் கழுத்துக்கே வைத்துக்கொண்டிருந்தார். அவர் பிடித்திருந்தது தப்பான பிடி என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பிடுங்க எனக்கு வலு இல்லை. உள்ளே ரெஜினா முனகிய சத்தம் கேட்டது. அவர் உதடு செபமாலையில் வேகமாக ஓடத் தொடங்கியது.  நான் பயந்தேன். அவர் செத்துவிடுவார் என்பதற்காக மட்டும் இல்லை. அந்த வீட்டில் அவர் சொன்னதெல்லாம் நடக்கக்கூடியதாக எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

எழுந்து வெளியே வந்தேன். கோயிலுக்கு நடந்தேன். வெயிலில் ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. உபதேசியார் மணிக்கூண்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார், அன்றையிலிருந்து அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள். கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "வேணாம் சாமி, ஒங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஒற்றை மணி அடித்தேன். ஓசை அடங்கும்வரை காத்திருந்து அடுத்தது. எங்கோ ஓடிக்கொண்டிருந்த மாவு மில் நின்றது. ஆட்கள் வெளியே வந்தார்கள். ஓடி வரவில்லை, நடந்து வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் முதலில் அருளப்பன் வீட்டுப் பக்கம் பார்த்தார்கள், ஒரு சிலர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பிறகுதான் கயிறு என் கையில் இருப்பதைப் பார்த்தார்கள்.

"யாருக்கு சாமி?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எனக்கு."

 நான் இன்னொரு தடவை அடித்து, அது அடங்கிய பிறகு சொன்னேன். "அன்னைக்கு அடிச்சதும் எனக்குத்தான். அந்த வீட்டுல அப்ப நானுந்தான இருந்தேன். நீங்க ஆளைத் தப்பா நெனைச்சுட்டீங்க. அது என்னையத் தேடி வரவேண்டிய நாள்ல வரட்டும். இந்த ஊர்ல இனி வேற யாரையும் தேடாது."

பொய் சொன்னேனா என்று கேட்பீர்கள். எனக்கும் ஒருநாள் சாவு உண்டு, அந்த அளவில் உண்மைதான். மூடநம்பிக்கைக்குத் துணைபோனேனா என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். பேராயர் இல்லத்திலிருந்து ஒருவர் போன் செய்து இது என்ன நாடகம் பாதர் என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு ஊரின் நம்பிக்கையைத் திருத்த ஒரு தலைமுறை வேண்டும். பட்டினி கிடக்கிறவனுக்கு அவ்வளவு காலம் கிடையாது.

மணியை விட்டுவிட்டு அந்த வீட்டுக்குத் திரும்பினேன். மொத்த ஊரும் எனக்குப் பின்னால் சற்றுத் தள்ளி வந்தது. அருளப்பன் எழுந்து நின்றிருந்தார், அவருக்கும் கேட்டிருந்தது. நான் அவரிடம் பேசவில்லை. அடுக்களை வாசலில் நின்ற அவர் மனைவியிடம் பேசினேன்.

"மதலேனம்மா, எனக்குப் பசிக்குது. சோறு போடுங்க."

"அடுப்பே பத்த வைக்கலையே சாமி."

"பத்த வைங்க."

அவர் கணவரைப் பார்த்தார். அருளப்பன் என்னைப் பார்த்தார். இதுவரை ஊர் எல்லாம் அவரைப் பார்த்த அதே பார்வையை அவர் என்மேல் வைத்தார். ஏற்கெனவே போய்விட்ட ஒருவனைப் பார்க்கிற பார்வை. நான் அதைத் தாங்கிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்த மனிதர் இத்தனை நாள் எதற்கு நடுவில் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. சற்றுப் பொறுத்து அவர் மனைவியிடம் சொன்னார், "கருவாடு கெடக்கும் பாரு. போட்டு ஆக்கு."

லைட்டர் சொடுக்குகிற சத்தம் கேட்டது. முதலில் பற்றவில்லை. பிறகு பற்றியது. வராந்தாவில் யாரோ ஒரு பெண் விசும்பினாள். உயிர்த்த இயேசு சீடர்கள் நடுவில் வந்து நின்றபோது, ஆவி என்று அவர்கள் நடுங்கினார்கள் இல்லையா, அப்போது அவர் அவர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, கொடுத்த மீன் துண்டை அவர்கள் கண்முன்னால் தின்றார். நான் அதை நினைத்துச் செய்யவில்லை. உண்மையிலேயே பசித்தது. குழம்பு வாசம் வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் முதல் கவளத்தை வெகுநேரம் வாயில் வைத்திருந்தார். "நல்லாச் சாப்பிடுங்க சாமி" என்று கருவாட்டுத் துண்டை என் பக்கம் தள்ளினார். 

அன்று மாலையே பிளெக்ஸைக் கழற்றினார்கள். ஐஸ் பெட்டி போய்விட்டது. ரெஜினாவுக்குப் பெண் பிள்ளை, இருவரும் நலம். ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்தபோது என் கையில் கொடுக்க ரெஜினா ஒரு கணம் தயங்கினாள். எனக்குப் புரிந்தது, வருத்தமும் வந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் என்னிடம் சண்டை போட்டதில்லை, குறை சொன்னதில்லை. பாதிரியாருக்கு அது வரம் என்று நினைப்பீர்கள். சாகப்போகிறவனிடம் யார் சண்டை போடுவார்கள்? நான் தெருவில் நடந்தால் குரல்கள் தணியும். ஒருநாள் கோயில் கண்ணாடிச் சன்னலில் என் முகத்தைப் பார்த்தேன். நானே என்னை அப்படித்தான் பார்த்தேன். விலகிக்கொண்டேன்.

மாற்றலாகி வந்தேன். இப்போது திருநகரில் ஓய்வு பெற்ற சாமியார்களுக்கான இல்லத்தில் இருக்கிறேன். தினமும் மதியம் உச்சி வேளையில் எனக்கு ஒரு போன் வரும். அருளப்பன்.

"சாமி, சாப்டீங்களா?"

"சாப்டேன் அண்ணே. நீங்க?"

"இந்தா, உக்காரப் போறேன்."

அவ்வளவுதான் பேச்சு. நான் சாப்பிட்டேன் என்று கேட்ட பிறகுதான் அவர் இலைக்கு முன்னால் உட்காருவார். ஒருநாள் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டு, போனைத் தாமதமாகத்தான் எடுக்க முடிந்தது. திருப்பிக் கூப்பிட்டபோது மதலேனம்மா எடுத்தார்.  "அடுப்ப அணைச்சுட்டு வெள்ளை வேட்டி எடுத்துக் கட்டிட்டாரு சாமி. நமக்காகத்தான் நீங்க போயிட்டீங்கங்கிறாரு" என்றார். போனை அருளப்பன் காதில் வைக்கச் சொல்லி இருமிக் காட்டினேன். என் குரல்தான் என்று நம்ப அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

இப்போது உதவிக்கு வருகிறேன். வருகிற வாரம் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைக்கிறார்கள். சாதாரண வேலைதான் என்கிறார் டாக்டர். ஆனால் அன்று மதியம் போன் என் கையில் இருக்காது. முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். ஆபரேஷன் என்ற வார்த்தையை அருளப்பன் எப்படிக் கேட்டுக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை என்னென்ன செய்யும் என்று பார்த்தவன் நான்.

அதனால் உங்களில் ஒருவர் அன்று காலையிலேயே பேரையூர் பஸ் ஏற வேண்டும். உச்சி வேளைக்கு முன்னால் அந்த வீட்டில் இருக்க வேண்டும். என்னைப் பற்றி விளக்கம் எதுவும் வேண்டாம். மீட்பியலும் வேண்டாம், அவர் உங்களை மடக்கிவிடுவார். எண்ணெய்ச் சிமிழை மட்டும் தயவுசெய்து பங்கிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வெறுங்கையோடு போய், பசிக்கிறது என்று சொல்லுங்கள். அடுப்பு எரிகிற சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். அவரை எதிரில் உட்கார வைத்துச் சாப்பிடுங்கள், அவர் எழுந்து கை கழுவிய பிறகு நீங்கள் கழுவுங்கள்.

ஒருவேளை ஆபரேஷன் மேசையிலிருந்து நான் எழுந்து வராவிட்டாலும் இதே வேலைதான். அடக்கப் பூசைக்கு மற்றவர்கள் போதும், உங்களில் ஒருவர் அந்த வீட்டில் இருங்கள். எனக்காக எந்த ஊரிலும் யாரும் துக்க மணி அடிக்க வேண்டியதில்லை. அதை நானே அடித்துவிட்டேன்.